முட்டியை மடக்கு, முன்னே பார்

இம்முறை பாடநூலையும் தேர்வையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பனியைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். கிள்ளானில் வாழும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் பனிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலை பத்து மணிக்கே திடலில் நிற்க முடியாமல் மாணவர்களை மரநிழலுக்கு அழைத்துச் செல்கிறவன் நான்.

கடந்த பள்ளி விடுமுறையில் என் இளைய மகளையும் அவளுடைய பெரியப்பா மக்கள் இருவரையும் சன்வே பிரமிட் பேரங்காடியில் இருக்கும் பனித்தளத்திற்கு அழைத்துச் சென்றேன். மூவரும் அதற்கு முன் சறுக்குக் காலணியைத் தொட்டதுகூட இல்லை. மகள் தளத்தில் கால் வைத்ததும் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி கற்பித்தவன் சும்மா இருப்பேனா? கம்பிக்கு இப்பால் நின்றுகொண்டு தொடங்கிவிட்டேன். “காலை அகட்டி வை. உடலை முன்னால் சாய். ரொம்பச் சாயாதே. கையை விரி. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்று. கீழே பார்க்காதே. பயப்படாதே.” எனக்குச் சறுக்கத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிடுவது நேர்மை. ஆனாலும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் உடல் மேலும் விறைத்தது. மூன்றாம் முறை விழுந்தபோது, “அப்பா, கொஞ்சம் பேசாமல் இருங்களேன்” என்றாள். கண்ணில் நீர் நின்றது.

அப்போது அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சீனப் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கலாம். மகளுக்கு எதிரே பின்னோக்கிச் சறுக்கியபடி மலாயில் இரண்டே இரண்டு தொடர் சொன்னாள்: “பெங்கோக்கான் லுத்துட். தெங்கோக் காக்கா.” முட்டியை மடக்கு, அக்காவைப் பார். அவ்வளவுதான். மகள் தடுமாறினாள், அந்தப் பெண் அதே இரண்டு தொடரையும் மீண்டும் சொன்னாள். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பத்து நிமிடத்தில் மகள் சுவரை விட்டாள். அரைமணி நேரத்தில் தளத்தின் பாதியைக் கடந்தாள்.

நான் காப்பி வாங்கப் போவதுபோல் அவ்விடத்தை விட்டு நகர்ந்தேன். வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தத் தளத்தை எளிதாக எண்ணிவிட வேண்டாம். ஜூலியன் யீ என்னும் இளைஞர் அங்கே பழகித்தான் 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டபோது, அவர் பனித்தளத்திலும் ஜெஃப்ரி வெப் பனிமலைச் சரிவிலும் நம் நாட்டின் பெயரால் இறங்கினார்கள். 2022-இல் பெய்ஜிங்கில் வெப்புடன் அருவின் சாலேஹுடின் என்னும் இளம்பெண்ணும் மலைச்சரிவில் சறுக்கினார். பனியே பெய்யாத நாட்டுக்கு இது சிறிய செய்தி அன்று.

வீடு திரும்பிய பின் பனிச்சறுக்கை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மலைச்சரிவில் சறுக்குவது பனித்தளத்தைவிட ஆபத்தானது. நீண்ட இரு பலகைகள் காலில் பூட்டப்பட்டிருக்கும். சரிவைக் கண்ட புதியவர் அஞ்சிப் பின்னால் சாய்வார், அதுதான் இயல்பு. ஆனால் பின்னால் சாய்ந்தால் எடை பலகையின் வால்பக்கம் போய்விடும். முன்பக்கம் பிடிமானம் இழக்கும். பலகை அவரை இழுத்துக்கொண்டு ஓடும். ஆக, அச்சம் சொல்வதற்கு நேர்மாறாக உடல் செய்தாக வேண்டும். அந்த நொடியில் ஒருவருக்கு விளக்கவுரை பயன்படுமா?

ஆகவே அங்குள்ள பயிற்றுநர்கள் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ‘பீட்சா’ என்கிறார்கள். பலகைகளின் முனைகளை நெருக்கி வால்களை அகட்டினால் பீட்சாத் துண்டின் வடிவம் வரும், வேகம் குறையும். ‘பிரெஞ்சு ஃப்ரைஸ்’ என்றால் இரண்டு பலகையும் இணையாக நேரே நிற்க வேண்டும், வேகம் கூடும். நான்கு வயதுக் குழந்தைக்கும் இது புரிந்துவிடுகிறது. ‘கணுக்காலை உள்நோக்கித் திருப்பி, பலகையின் உள்விளிம்பில் சம அழுத்தம் கொடுத்து’ என்று விளக்கினால் நமக்கே புரியாது. பின்னால் சாயும் பெரியவருக்கோ, ‘முன்காலால் காலணியின் முன்பக்கத்தை அழுத்து’ என்கிறார்கள். ‘பின்னால் சாயாதே’ என்பதில்லை. எதைச் செய்யக் கூடாது என்பதைக் கேட்ட உடலுக்கு எதைச் செய்வது என்று தெரியாமல் போகிறது. முன்காலை அழுத்தினாலோ, உடல் தானாக முன்னுக்கு வந்துவிடுகிறது.

இதைப் பற்றி ஆய்வும் நடந்திருக்கிறது. காப்ரியேலே வுல்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பாய்மரப் பலகையில் பழகியபோது ஒன்றைக் கவனித்தார்: தம் காலையும் கையையும் பற்றி நினைத்தபோதெல்லாம் தவறினார், பலகையின் சாய்வை மட்டும் நினைத்தபோது திருப்பம் கைகூடியது. பின்னர் 1998-இல் தம் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் பனிச்சறுக்குப் போலிப்பொறி ஒன்றைப் பயன்படுத்தினார். வளைந்த தண்டவாளங்களின்மேல் சக்கரம் பொருத்திய மேடை. அதில் நின்று இடமும் வலமும் ஆட வேண்டும். ஒரு குழுவினரிடம் ‘வெளிப்பக்கக் காலால் அழுத்துங்கள்’ என்றார்கள். மற்றொரு குழுவினரிடம் ‘வெளிப்பக்கச் சக்கரத்தை அழுத்துங்கள்’ என்றார்கள். மூன்றாம் குழுவுக்கு இத்தகைய குறிப்பே இல்லை. கால் இருப்பதும் சக்கரம் இருப்பதும் ஏறத்தாழ ஒரே இடம். காலுக்கு நேர்க் கீழேதான் சக்கரம். இருப்பினும் சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். காலை நினைத்தவர்கள், எதுவுமே சொல்லப்படாதவர்களைவிட மேலாகச் செய்யவில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த எத்தனையோ பாடங்களில், சொல்லாமலே விட்டிருந்தால் அதே பயன் கிடைத்திருக்கும் என்றல்லவா ஆகிறது!

2014-இல் நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். வட்டார அளவிலான ஓட்டப் போட்டி. எங்கள் பள்ளிப் பெண்கள் நால்வர், நான்கு முறை நூறு மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். சின்னப் பள்ளி, அதற்கு முன் அந்த இடத்தை நாங்கள் எட்டியதில்லை. பெற்றோர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மூன்றாவதாக ஓட இருந்தவள்தான் நால்வரில் வேகமானவள். அவளுக்குக் கோல் வாங்குவதில் தடுமாற்றம் உண்டு என்பதால், ஓட்டத்திற்குச் சற்றுமுன் அவளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் மீண்டும் சொன்னேன். அடையாளக் கோட்டைத் தோழி தாண்டியதும் கிளம்பு, திரும்பிப் பார்க்காதே, கையை இடுப்பளவில் பின்னால் நீட்டு, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும், கட்டை விரலை விரி, இருபது மீட்டர்க் கட்டத்தைத் தாண்டிவிடாதே, வாங்கியதும் கை மாற்றாதே. ஏழு கட்டளைகள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நல்ல பிள்ளை.

கோல் விழுந்தது. கட்டத்தின் நடுவிலேயே, இருவர் கைக்கும் இடையில் விழுந்தது.

நான் அவளைத் திட்டவில்லை. “இத்தனை முறை சொன்னேனே அம்மா” என்று மட்டும் கேட்டேன். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. மறு ஆண்டு அவள் ஓட்டத்தில் பெயர் கொடுக்கவில்லை. காலில் வலி என்றாள். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அவளைப் பார்த்தேன். கல்லூரி மாணவியாகிவிட்டாள். பேச்சு எப்படியோ அந்த நாளுக்குப் போயிற்று. “ஐயா, அன்றைக்கு அவள் ‘கை’ என்று கத்தியதே எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன ஏழையும் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன், நாலாவது எது என்று மறந்துபோய்விட்டது” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய செய்திகள் ஏறக்குறைய நான்குதாம் என்று நெல்சன் கோவன் என்னும் உளவியலாளர் 2001-இல் எழுதினார். அது பெரியவர்களுக்கான கணக்கு. பதினொரு வயதுப் பெண்ணின் தலைமேல் ஏழை ஏற்றி, வெடி முழங்கும் நேரத்தில் ஓடச் சொன்னவன் நான். பதற்றத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1992-இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்பவர் கோல்ப் பந்தைக் குழிக்குள் தள்ளும் பயிற்சியை வைத்துச் செய்தது. விதிகளை விரிவாகப் படித்துப் பழகியவர்களே நெருக்கடி வந்தபோது தடுமாறினார்கள். விதிகளை அறியாமல் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பதற்றத்தில் மனம் விதிகளைத் தேடி ஓடுகிறது. அதுவரை தானாக இயங்கிய கை நின்றுவிடுகிறது.

நாம் இப்படிப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாங்கள் எழுதிய நாள் பாடத்திட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். பந்தை மார்பளவில் எறிவது என்ற ஒரு திறனுக்கு ஒன்றரைப் பக்க விளக்கம் எழுதுவோம். எவ்வளவு எழுதுகிறோமோ அவ்வளவு மதிப்பெண். கற்பித்தலைப் பார்வையிட வருபவரும் ஆசிரியர் எத்தனை குறிப்புகளைச் சொன்னார் என்று பார்ப்பாரேயன்றி, மாணவர் எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று எண்ணியதில்லை. முப்பது நிமிடப் பாடத்தில் பன்னிரண்டு நிமிடம் வரிசையில் உட்கார வைத்து விளக்கிய நாள்கள் எனக்கு நினைவில் உள்ளன. பயிற்சி கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் அப்படித்தான் பயிற்றுவிக்கப்பட்டார்கள்.

ஆனால் நம்மவருக்கு வேறொரு மரபும் இருந்திருக்கிறது. என் அம்மா காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பதினான்கு வயதில் உளியைப் பிடித்தார். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் நாள் இருட்டோடு மரத்தின் முன் நிறுத்தி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “மரம் தூங்குது. எழுப்பாம சீவு.”

இதைவிடச் சிறந்த அறிவுரையை நான் எந்தப் பயிற்சி ஏட்டிலும் படித்ததில்லை. பால் சுரக்கும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மெல்லிய வளர்படலம். உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு முடிச்சாக வீங்கும். மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ முடியாது. மேலோட்டமாகச் சீவினாலோ பால் வராது. இடைப்பட்ட தூரம் ஓரிரு மில்லிமீட்டர்தான். வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக ஏறத்தாழ முப்பது பாகை சரிந்து இறங்க வேண்டும். குழாய்கள் அதற்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் திறக்கும். இவ்வளவையும் விடிவதற்கு முன், தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு சிறுமிக்கு எப்படிச் சொல்வது? தூங்கும் குழந்தையின் போர்வையை இழுப்பது எப்படி என்று அந்தச் சிறுமிக்கு ஏற்கெனவே தெரியும். தம்பி தங்கைகளை வளர்த்தவர் அல்லவா! கை தானாக மென்மையாயிற்று. சாய்வை அந்தப் பாட்டியின் பழைய வெட்டே காட்டிக் கொடுத்தது. குழாய்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்பதை அம்மா பல ஆண்டுகள் கழித்து, நான் அறிவியல் பாடத்திற்காகப் படித்துச் சொன்னபோதுதான் அறிந்தார். “அப்படியா?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

1981-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் நுண்கலைக் கோயிலைப் பலர் அறிவீர்கள். அங்கும், நம் ஊர்களில் நடக்கும் சிறிய நடன வகுப்புகளிலும் பரதம் பழகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அரைமண்டி என்ற ஒரு சொல்லுக்குள் முட்டி, பாதம், இடுப்பு, முதுகு எல்லாம் அடங்கிவிடுகின்றன. சொற்கட்டும் தட்டுக்கழியும் தொடங்கிய பிறகு ஆசிரியை “உட்கார்” என்ற ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். சிலம்ப ஆசான்களும் அப்படியே. பேசிக்கொண்டே கம்பு சுற்றுகிற ஆசானை நான் இதுவரை கண்டதில்லை. (பேசிக்கொண்டே உடற்கல்வி நடத்துகிற ஆசிரியரைக் கண்டிருக்கிறேன், நாள்தோறும் கண்ணாடியில்.)

இதற்கு ஒரு மறுப்பு வரும். என் சக ஆசிரியை ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்: “ஐயா, இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏன், எதற்கு என்று சிந்திக்க மாட்டார்களே? சொன்னதைச் செய்யும் கிளிப்பிள்ளைகளாகிவிட மாட்டார்களா?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். காரணம் சொல்லாத கல்வி அரைக் கல்விதான். ஆனால் காரணம் சொல்வதற்கும் ஒரு நேரம் உண்டு. வகுப்பறையில், திடலிலிருந்து வந்து தண்ணீர் குடித்த பிறகு, கோல் ஏன் விழுந்தது என்று பிள்ளைகளையே பேச விடலாம், படம் வரையலாம். அப்போது ஏழு அன்று, பதினேழு குறிப்பு வந்தாலும் தீங்கில்லை. ஓடத் தயாராகக் குனிந்து நிற்பவளிடம் அவற்றைச் சொல்வதுதான் தவறு.

இன்னொன்று. சுருக்கம் வேறு, குறை வேறு. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்வதை முதலில் வைக்கிறார். அடுத்ததாக விளங்க வைத்தலைச் சேர்க்கிறார். பத்துக் குற்றங்களைச் சொல்லும்போதோ குறைபடச் சொல்வதை முதலாவதாகவும், மிகைபடச் சொல்வதை இரண்டாவதாகவும் வைக்கிறார். நாம் முதற்குற்றத்திற்கு அஞ்சி இரண்டாவதில் போய் விழுகிறோம். “ஒழுங்காக ஓடு”, “கவனமாக எழுது” என்பவையும் ஒரு வரிதான். அவற்றால் ஒரு பயனுமில்லை. எதைச் செய்வது என்று அவை சொல்லவில்லை. அந்தப் பனித்தளப் பெண்ணின் இரண்டு தொடர்கள் எளிதாகத் தெரிகின்றன. எத்தனை பிள்ளைகள் விழுந்ததைப் பார்த்து, எத்தனை சொற்களைக் கழித்து, அவள் அந்த இரண்டுக்கு வந்திருப்பாள்?

2015-இல் நான் வேறு நான்கு பிள்ளைகளோடு அஞ்சல் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கியபோது, இந்த ஆய்வுகள் எதுவும் எனக்குத் தெரியாது. குற்ற உணர்ச்சியால் வாய் அடைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கோலைக் கையில் கொடுத்து, “சத்தம் கேட்டால் கை” என்றேன். மூன்று வாரம் அதையே செய்தோம். நடந்து, மெதுவாக ஓடி, பிறகு விரைந்து ஓடி. அந்த அணி வெற்றிபெறவில்லை. இறுதிச் சுற்றுக்கும் போகவில்லை. ஆனால் கோல் விழவில்லை. நால்வரில் மூவர் அடுத்த ஆண்டும் ஓட வந்தார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விளையாட்டு விழாவில் கோட்டோரம் நின்றுகொண்டு நீங்கள் கூவுவதை நான் கேட்டிருக்கிறேன். அன்பால்தான் கூவுகிறீர்கள். ஆனால் அப்பா ஒருபுறம் “கையை வீசு” என்கிறார், அம்மா மறுபுறம் “மூச்சை விடு” என்கிறார், மாமா “பக்கத்துப் பையனைப் பார்க்காதே” என்கிறார். பையன் உடனே பக்கத்துப் பையனைப் பார்க்கிறான். அவன் பெயரை மட்டும் கூப்பிடுங்களேன். வீட்டுப்பாடத்திலும் இதுவே. ஒரு காலத்தில் கட்டுரை ஏடுகளில் சிவப்பு மையால் ஐந்தாறு அறிவுரை எழுதுவேன்: வருணனை சேர்க்கவும், பிழை தவிர்க்கவும், பத்தி பிரிக்கவும், கையெழுத்தைச் சீராக்கவும். அடுத்த கட்டுரையில் ஒன்றும் மாறியிருக்காது. இப்போது, “தாத்தாவின் கையைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுது” என்று மட்டும் எழுதுகிறேன். எழுதி வருகிறார்கள். பிழைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த வாரம் இருக்கிறது.

பனித்தளத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தபோது மகள் என்னையும் இறங்கச் சொன்னாள். நாற்பத்தேழு வயதில், வாடகைக் காலணியை மாட்டிக்கொண்டு, அதே சுவரை நானும் கட்டிப்பிடித்தேன். பயிற்சி தந்த பெண் வேறொரு குழந்தையோடு தொலைவில் இருந்தாள். முட்டியை மடக்கினேன். முன்னே பார்த்தேன். நான்கு அடி, ஐந்து அடி நகர்ந்தும்விட்டேன். அப்போது என் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: “அப்பா, காலை அகட்டுங்க! கையை விரிங்க! ரொம்பச் சாயாதீங்க! கீழே பார்க்காதீங்க!”

நான்காவதில் விழுந்தேன்.